வெட்டாமல் விட்ட எழுபது விநாடி

மூடிய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டுப் பக்கமிருந்து மழை வருவது தெரிந்தும் ஆஸ்டின் வண்டியை நிறுத்தவில்லை. வாரத்தில் அவனுக்கு ஒரே ஒரு லீவு நாள், அது திங்கட்கிழமை... அதையும் வீட்டுக்குள் தூங்கிக் கழிப்பதா என்று கிளம்பி வந்தவன். மழைக்கு அந்த நியாயமெல்லாம் புரியவில்லை. மாரிகுப்பம் ஸ்டேஷன் ரோட்டில் நாலே நிமிடத்தில் அவனையும் வண்டியையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிட்டது. வண்டி இரண்டு முறை இருமியது... நின்றுவிட்டது.

எதிரே ஒரு நடுநிலைப் பள்ளி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவில் ஏற்றினான். கைக்குட்டையைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னல் வழியே அந்தக் காட்சி கண்ணில் பட்டது.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அதைச் சுற்றி ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பெண், நீலச் சுடிதாரில். அவளுடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்... துப்பட்டாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க முடியாமல் தோளில் முகத்தை உரசிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்டின் யோசிக்கவில்லை. நேராக உள்ளே போனான்... முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

"இன்னா பசங்கடா நீங்க? மிஸ்ஸையே கட்டிப் போட்டு வெச்சிகினு..."

பன்னிரண்டு முகங்களும் திரும்பின. அவளும் திரும்பினாள். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவரைப் பார்க்க ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிட்டுப் போகாத கண்கள். இப்போது அவை கோபமாக இருந்தன.

"யாரு நீங்க?"

"நான்... மழைக்கு ஒதுங்கினேன்..."

"மழைக்கு ஒதுங்கினவரு வெளியிலதான நிக்கணும். இன்னாத்துக்கு உள்ள வந்து என் கைய அவுக்கறீங்க?"

"கட்டி இருந்துச்சி... அதான்..."

"நான்தான் கட்டச் சொன்னேன்."

"கைய கட்டலன்னா மிஸ்ஸு மௌஸ புடுங்கிடுவாங்க சார்," என்றான் ஃப்ரெடி என்கிற பையன், பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எச்சரிப்பவனைப் போல நிதானமாக.

மிஸ் பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவன் சொன்னது பொய்யும் இல்லை. போன வருடம் இதே வகுப்பில், பிள்ளைகள் தாங்களே படம் எடுத்து, தாங்களே பேசி, தாங்களே ஒட்டிச் சேர்க்க வேண்டும் என்று ஆசையாக ஆரம்பித்தாள். 'இப்படி வெச்சிப் பாரு' என்று ஒரு நாள் மௌஸை வாங்கினாள். 'நகரு, நான் பண்ணித் தரேன்' என்று மறுநாள். கடைசியில் இருபது படங்களையும் அவளே முடித்திருந்தாள். எல்லோரும் பாராட்டினார்கள். மேடையில் ஒரு சிறுமியிடம், எப்படியம்மா செய்தாய் என்று கேட்டபோது அது சொன்ன பதில், "எனக்குத் தெரியாது, மிஸ் பண்ணாங்க." அன்றிலிருந்து எடிட்டிங் வகுப்பு என்றால் முதலில் மிஸ்ஸின் கையைக் கட்ட வேண்டும். அவளே போட்ட சட்டம் அது.

"அவுத்தவரே கட்டிட்டுப் போங்க," என்று கைகளைப் பின்னால் நீட்டினாள்.

ஆஸ்டினுக்கு முடிச்சு வரவில்லை. ஈரக் கை. ஈரத்தால்தான் வழுக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்றாவது முறை போட்ட முடிச்சு நின்றது.

மழை விடவில்லை. அவனும் போகவில்லை. சுவரோரம் நின்றபடியே பேச்சு வந்தது.

"நானும் இதே வேலதான் மிஸ். பெங்களூருல. ஆன்லைன்ல பாடம் நடத்தறாங்க இல்ல... அந்த வீடியோங்கள எடிட் பண்றேன். வாத்தியாருங்க நடுவுல 'வந்து...'ன்னு இழுக்கறது, மூச்சு வாங்கறது, யோசிக்கறது எல்லாத்தையும் வெட்டி எடுத்துடுவேன். ஒரு மணி நேரப் பாடம் நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"அந்த இருபது நிமிஷம் எங்க போவுது சார்?"

கேட்டது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி. மெலிந்த உடம்பு, இரட்டைப் பின்னல். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் கொஞ்சம் நின்று, பிறகுதான் பேசினாள். பெயர் அமலா. ஆறு வருட வேலையில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

* * *

அடுத்த திங்கட்கிழமை மழையே இல்லை. ஆனாலும் ஆஸ்டின் அந்த வராந்தாவில் நின்றான்.

"இன்னிக்கு எதுக்கு ஒதுங்கினீங்க... வெயிலுக்கா?" என்றாள் பியூலா.

"இல்ல மிஸ்... கட்டின முடிச்சி நல்லா கீதான்னு பாத்துட்டுப் போலாம்னு..."

தலைமை ஆசிரியை சாரா மிஸ் அனுமதி கொடுத்தார். அதன் பிறகு திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் ஆஸ்டின் சார் சுவரோரம் நிற்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். கைகளைப் பேன்ட் பாக்கெட்டை விட்டு எடுக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு, 'எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம்'. மூன்று நிமிடப் படம். வீட்டுப் போனில் எடுத்த போட்டோ, சொந்தக் குரல், தாங்களே பதிவு செய்த சத்தம். ஃப்ரெடி தன் அண்ணன் ஷேவ் செய்வதை எடுத்தான். இன்னொருத்தி தண்ணீர் லாரி வரும் நேரத்தை. படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஹாலில் திரையிட வேண்டும். ஞாயிறு ஏனென்றால், மற்ற நாட்களில் பெற்றோரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே ரயிலேறிப் பெங்களூர் போய்விடுவார்கள். தாங்கள் வரும்வரை பிள்ளைகள் இருக்கும் வீட்டை அவர்கள் பார்ப்பதே இல்லை.

பியூலா அவனைக் கவனிக்காமல் இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அந்த ஆள் சிரிக்கும்போது முதலில் தலையைக் குனிந்துகொள்கிறான்... பிறகுதான் சிரிப்பு வருகிறது. திங்கட்கிழமை மட்டும் நல்ல சுடிதாராக எடுத்து உடுத்துகிறாயே என்று வீட்டில் அம்மா ஒரு மாதிரியாகக் கேட்டாள். வாரத்தின் முதல் நாள் இல்லையா என்று சமாளித்தாள்.

"நீங்க சபையா மிஸ்?" என்றான் ஒரு நாள், பேக்கரி பன் ஒன்றை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தபடி.

"ஆமா. நீங்க?"

"மாதா கோயிலு. ஆர்.சி."

"அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணும் இல்ல... ரெண்டு பக்கமும் கிறிஸ்மஸ் கேக்கு வரும். அத்த நெனச்சேன்."

பியூலா பன்னை மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்துபோனது. அவன் அதைப் பார்த்துவிட்டான்... பார்க்காதவனைப் போலக் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

* * *

திரையிடலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது சாரா மிஸ் படங்களைப் போட்டுப் பார்த்தார். "சத்தமெல்லாம் கொரகொரன்னு கீதேம்மா. வெளிய இருந்து பெரியவங்க வராங்க. கொஞ்சம் பாத்துச் செய்."

பிள்ளைகளின் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது பியூலாவின் சட்டம். ஆனால் பெரியவர்கள் வருகிறார்களே... தன் பிள்ளைகளின் படம் இளக்காரமாகத் தெரிந்துவிடுமோ... மனசு கேட்கவில்லை. அன்று வகுப்பு முடிந்ததும் பென் டிரைவை ஆஸ்டினிடம் நீட்டினாள். பிள்ளைகளுக்குத் தெரியாமல்தான்.

"இரைச்சல மட்டும் கொறச்சிக் குடுங்க. வேற எதையும் தொட வேணாம்."

"சரி மிஸ்."

சரி என்றுதான் சொன்னான். ஆனால் காலை ரயிலில் லேப்டாப்பைத் திறந்ததும் அவன் விரல்கள் ஆறு வருடப் பழக்கத்தில் தானாக ஓடின. இரைச்சலைக் குறைத்தான். பின்னணியில் லேசாக இசை சேர்த்தான். தடுமாற்றங்களை எடுத்தான். அமலாவின் படத்தில் நடுவே ஒன்றுமே இல்லாமல் ஓடிய ஒரு நீண்ட இடம் இருந்தது. ஒரே வெட்டு. திங்கட்கிழமை இதைப் பார்க்கும்போது அந்தக் கண்கள் எப்படி விரியும்... ஆறு நாளும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தான்.

திங்கட்கிழமை வந்தது. பியூலாவின் கையை ஃப்ரெடி கட்டினான். ஆஸ்டின் பென் டிரைவைச் செருகினான். தன் அண்ணனின் ஷேவிங்குக்குப் பின்னணி இசை கேட்டதும் ஃப்ரெடி பெஞ்சில் ஏறிக் குதித்தான். பியூலா குதிக்கவில்லை. முகம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. ஆஸ்டின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அமலாவின் படம். இருட்டிய சமையலறை, மூடி வைத்த சோற்றுப் பாத்திரம். ரயில் ஹார்ன். உடனே செருப்புச் சத்தம். "வந்துட்டேன்டி" என்று ஓர் அம்மாவின் குரல். மூன்று நிமிடப் படம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அமலா தட்டவில்லை.

"சார்... எங்கம்மா... இவ்ளோ சீக்கிரம் வர மாட்டாங்க."

"அது... நடுவுல சும்மா காலியா ஓடிகினு இருந்துச்சிம்மா. அதான்..."

"காலியா இல்ல சார். நான்... காத்துகினு இருந்தேன்."

அமலா எழுந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன் பெயரிட்ட ஃபோல்டரைத் தேடினாள். "இதான் நல்லா கீதுன்னு கை தட்டறாங்க. அப்ப என்னுது வேணாம்." அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். எப்படிச் செய்வதென்று சொல்லிக் கொடுத்தது பியூலாதான். தடுக்கப் பாய்ந்தாள்... கை கட்டியிருந்தது.

பிள்ளைகள் போனதும் பியூலா கையை அவிழ்த்துக்கொண்டாள். யாரையும் அவிழ்க்கச் சொல்லவில்லை, மணிக்கட்டை முறுக்கித் தானே இழுத்து அவிழ்த்தாள்.

"இரைச்சல் மட்டும்னுதான சொன்னேன்?"

"நல்லா வரணும்னுதான் மிஸ்..."

"யாருக்கு நல்லா?"

ஆஸ்டினுக்கும் சுருக்கென்றது. "ஆறு வருஷமா இதுதான் என் பொழப்பு. எது வேணும், எது வேணாம்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியலியே. அந்தக் கொழந்தைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே..." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை அவன் பார்த்துவிடக் கூடாது என்று திரும்பிக்கொண்டாள். "இனிமே திங்கக்கிழம இந்தப் பக்கம் வர வேணாம் சார்."

மிஸ் என்றுகூடச் சொல்லாமல் அவன் படியிறங்கினான். வண்டி அன்று முதல் உதையிலேயே கிளம்பித் தொலைத்தது.

* * *

வியாழக்கிழமை மாலை ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியபோது ஆஸ்டின் லேப்டாப்பைத் திறந்தான். அமலாவின் வெட்டாத பதிவு அதில் இருந்தது. அவனிடம் மட்டும்தான் இருந்தது. மூன்று நாளாக அதைத் தொடப் பயந்துகொண்டிருந்தான். ஹெட்போனை மாட்டினான்.

ரயில் ஹார்ன். பிறகு... எழுபது விநாடி. காலி என்று அவன் சொன்ன இடம்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஒரு குக்கர். பக்கத்து வீட்டு டிவி. ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. போனுக்கு மிக அருகில் ஒரு சின்ன மூச்சு, உள்ளே போய்... வெளியே வந்துகொண்டிருந்தது. ஏதோ செருப்புச் சத்தம் நெருங்கியது. மூச்சும் நின்றது. அது வேறு யாரோ... செருப்பு தாண்டிப் போனது. மூச்சு மெல்ல வெளியே வந்தது. திரும்பவும் காத்திருப்பு. இன்னொரு செருப்பு, வேகமாக. கதவு. "வந்துட்டேன்டி."

ஹெட்போனைக் கழற்றினான். வெளியே அதே ஹார்ன் அடித்தது. மாரிகுப்பம். ரயில் முழுதாக நிற்பதற்குள் வாசல் பக்கம் பெண்கள் கூட்டம், டிபன் பை தோளில், புடவைக் கொசுவம் கையில். நின்றதும் இறங்கி ஓடினார்கள். தினமும் பார்க்கும் ஓட்டம்தான். ஏன் இப்படி முட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று தினமும் அலுத்துக்கொண்ட ஓட்டம்தான்.

பிளாட்பாரத்திலேயே நின்றான். ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசை வீடுகள். இருட்டுக்குள் செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து போயின. அவற்றில் எது அமலாவின் அம்மா... எந்த வீட்டில் ஒரு சின்ன மூச்சு நின்றுகொண்டிருக்கிறது... அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு, இருபது நிமிஷம் எங்கே போகிறது என்பதற்கு, இப்போதுதான் பதில் தெரிந்தது.

அந்த நாட்களில் பியூலாவும் தூங்கவில்லை. அமலா வகுப்பில் வாயே திறப்பதில்லை. "என்னுது போட வேணாம் மிஸ்" என்றதோடு சரி. மூலப் பதிவு அவனிடம் இருக்குமா, அழித்திருப்பானா... ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். மூன்று முறை மெசேஜ் டைப் செய்தாள், மூன்று முறையும் அழித்தாள். கோபம் அவன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பென் டிரைவை நீட்டியது யார்? கையைக் கட்டிக்கொண்டு, வேறொருவன் கையில் கொடுத்துச் செய்ய வைத்தது யார்? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

* * *

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பள்ளி விட்டதும் பியூலா திரையிடலுக்கு நாற்காலி கேட்கச் சபைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது தூறல். வராந்தாவில் அந்த வண்டி நின்றிருந்தது.

உள்ளே போகாமல் ஜன்னலருகே நின்றாள்.

கம்ப்யூட்டர் முன்னால் அமலா. பக்கத்தில் ஃப்ரெடி. சுவரோரமாக ஆஸ்டின்... கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால், லேப்டாப் சார்ஜர் வயரால் கட்டப்பட்டிருந்தன.

ஆஸ்டின் கொண்டுவந்த பதிவுத் துண்டுகளை அமலா ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, படத்தை முதலிலிருந்து சேர்த்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் ஹார்னுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆஸ்டின் கண்ணை மூடிக்கொண்டான். உதட்டைக் கடித்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திரும்பப் போட்டுக் கேட்டாள், தலையாட்டினாள், மாற்றினாள். இப்போது கதவு இரண்டு முறை திறந்தது. அவன் விரல்கள் வயருக்குள் துடித்தன. அப்போதும் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிக்கிற வேலையை ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் செய்வதை, அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் தோளை நனைத்ததைக்கூட உணராமல் பியூலா அவனையே பார்த்தாள். இந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது... மூடி மறைக்க முடியாத அளவுக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் தனக்குள் ஒத்துக்கொண்டாள்.

உள்ளே போனாள். ஆஸ்டின் நிமிர்ந்தான், பேச வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டி அமலாவிடம் போய் மண்டியிட்டாள்.

"அமலா... பென் டிரைவ அவருகிட்ட குடுத்தது நான்தாம்மா. உங்க யாரையும் கேக்காம குடுத்தேன். படம் பளிச்சுனு இருந்தா எனக்குப் பெருமையா இருக்கும்னு குடுத்தேன். தப்பு எம்மேலதான்."

அமலா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். பியூலா அவசரப்படுத்தவில்லை.

"சாரும்... தப்பு அவருமேலன்னு சொன்னாரு. வந்ததுல இருந்து அதையேதான் சொல்லிகினு கீறாரு." பிறகு கேட்டாள், "உங்க கையையும் கட்டட்டுமா மிஸ்?"

ஃப்ரெடி துப்பட்டாவோடு தயாராக இருந்தான்.

இரண்டு பேரும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வெளியே தூறல் மழையாகிக்கொண்டிருந்தது.

"மூக்கு அரிக்குது," என்றான் ஆஸ்டின், மெதுவாக.

"தோள்ல தேச்சிக்கோங்க. பழகிடும்."

"இன்னிக்கு லீவு போட்டுகீறேன். நாளைக்கும். அதுக்குப் பதிலா ரெண்டு திங்கக்கிழம வேலைக்குப் போவணும்."

இரண்டு திங்கட்கிழமை... பியூலா மனசுக்குள் ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை மாலை ஹால் நிரம்பியிருந்தது. எல்லாப் படத்தையும் பிள்ளைகள் தங்கள் கையால் திரும்பச் சேர்த்திருந்தார்கள். இரைச்சல் இருந்தது, தடுமாற்றம் இருந்தது. ஃப்ரெடி மட்டும் பின்னணி இசை வேண்டும் என்று அடம் பிடித்து, தானே தகர டப்பா தட்டிச் சேர்த்துக்கொண்டான்.

கடைசியாக அமலாவின் படம். ஹார்ன் அடித்தது. திரையில் மூடிய சோற்றுப் பாத்திரம். பத்து விநாடி... இருபது... யாரோ செருமினார்கள். புரொஜெக்டர் பழுது என்று நினைத்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். முப்பது. முதல் செருப்பு நெருங்கியதும் ஹாலே மூச்சைப் பிடித்தது. அது தாண்டிப் போனதும் அத்தனை பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். தினமும் ரயிலிலிருந்து இறங்கி ஓடுகிறவர்கள்தான் அவர்கள். ஓடி முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் கேட்டார்கள். ஐம்பது... அறுபது... எழுபது. கதவு. "வந்துட்டேன்டி."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அமலாவிடம் வந்து இழுத்து அணைத்துக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று தோன்ற நேரமாயிற்று.

கூட்டம் கலைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் வண்டியின் பக்கத்தில் ஆஸ்டின் நின்றான். பியூலா வந்து நின்றாள்.

"ரெண்டு வாரம் வர முடியாது மிஸ். அதனால... இன்னிக்கே சொல்லிடணும்னு..."

நிறுத்தினான். அடுத்த வார்த்தையை அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. அந்தக் கண்களால் அவனைப் பார்த்தபடி காத்திருந்தாள், நடுவில் விட்டுவிட்டுப் போகாமல்.

"நான்... வந்து... நல்லா பேசறவன் இல்ல. அடுத்தவங்க பேச்ச வெட்டித்தான் பழக்கம்... உங்களப் புடிச்சிருக்கு. அன்னிக்கு மழையில முடிச்சு வராம நின்னேன் பாருங்க... அப்ப இருந்தே. உங்க கூடவே... எப்பவும் இருக்கணும்னு ஆச."

அவள் உதடு பிரிந்தது. சரியாக அதே நேரத்தில் உள்ளேயிருந்து சாரா மிஸ்ஸின் குரல். "பியூலா, ஹால் சாவி எங்கம்மா? வாட்ச்மேன் நிக்கறாரு."

"இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். செருப்புச் சத்தம் நீண்ட வராந்தாவில் தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

ஆஸ்டின் நின்றான். மழை. எங்கோ குக்கர். நாற்காலிகள் இழுபடும் ஓசை. இருங்க என்றாளே... அதற்கு என்ன அர்த்தம்? ஒரு செருப்புச் சத்தம் நெருங்கியது, மூச்சைப் பிடித்தான். வாட்ச்மேன். அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தாண்டிப் போனார். மூச்சு விட்டான். அவன் வாழ்நாளில் இவ்வளவு நீளமான இடத்தை வெட்டாமல் விட்டதில்லை.

பிறகு இன்னொரு செருப்பு. வேகமாக. ஓட்டமும் நடையுமாக. வராந்தாத் திருப்பத்தில் மூச்சிரைக்க வந்து நின்றாள். துப்பட்டா ஒரு பக்கம் தரையில் இழுபட்டது.

"வந்துட்டேன்," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பு பிறகுதான் வந்தது.

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு ஆஸ்டின்," என்றாள். சார் என்று சொல்லவில்லை. "வீட்ல நான் பேசறேன். சபையா கோயிலான்னு நூறு கேள்வி வரும். வரட்டும்... நீங்க நடுவுல எதையும் வெட்டாதீங்க. அது போதும்."

மழை விடுவதாக இல்லை. இரண்டு பேருக்கும் போக அவசரமும் இல்லை.